முன்பாதி சொல்பவன்

என் நோய் முதன்முதலில் என் மூச்சைப் பிடித்தது செபமாலைக்கு நடுவில்.

அது ஐப்பசி, செபமாலை மாதம். திருகோணமலை அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் பத்துப் பதினைந்து பேர் முழந்தாளில் நின்றார்கள். மூன்றாவது பத்தைத் தொடங்க வாயெடுத்தேன். "பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே" என்றதும் வலது விலாவில் தூண்டில் முள்ளை மாட்டி இழுத்தது போல ஒரு குத்து. அடுத்த சொல் வரவில்லை. மூச்சை இழுக்க இழுக்க அந்த முள் ஆழமாகப் போனது. என் மனைவி திரேசம்மா திரும்பிப் பார்த்தாள். சனமெல்லாம் காத்துக்கொண்டிருந்தது.

எங்கள் சனத்துக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செபமாலையில் ஐந்து பத்து; ஒரு பத்து என்றால் ஒரு "எங்கள் பிதாவே"யும் பத்து "அருள் நிறைந்த மரியே"யும். ஒவ்வொரு செபத்தையும் இரண்டாக உடைத்துச் சொல்வோம். முன்பாதியை ஒருவர் சொல்வார், பின்பாதியை மற்ற எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். "எங்கள் பிதாவே" செபத்தில் முன்பாதி முழுக்கக் கடவுளைப் புகழ்வது. சோறு கேட்பதும் மன்னிப்புக் கேட்பதும் பின்பாதியில். "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்ற வரி அங்கேதான் இருக்கிறது. முன்பாதி சொல்பவன் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற வீடுகளில் பத்துக்கு ஒருவராக மாறி மாறி முன்பாதி சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஐந்து பத்தையும் நானே சொல்வேன். எட்டு வருஷமாக அப்படித்தான். இதனால் எனக்குப் பக்திமான் என்று பெயர். செத்த வீடென்றாலும் சரி, திருநாள் என்றாலும் சரி, "கிளாக்கர் அருளப்பரைக் கூப்பிடுங்கோ, அவர் சொன்னால்தான் செபம் செபம் மாதிரி இருக்கும்" என்பார்கள். ஞாயிறு பூசையில் எல்லோரும் சேர்ந்து அந்தச் செபத்தைச் சொல்லும்போது, அந்த வரி வருகிற இடத்தில் எனக்குச் செருமல் வந்துவிடும். ஒருநாளும் அது பிசகியதில்லை.

அந்த வரிக்குள் எனக்கு ஒரு முகம் தெரியும். என் தம்பி சேவியரின் முகம்.

அதற்கு முன்னமே வந்த மாலைக் காய்ச்சலை, நான் வேலை செய்யும் துறைமுகக் கந்தோரின் தூசி என்றும், இருமலை மாரிக்காலம் என்றும் சொல்லி நான் மூன்று கிழமை கடத்தியிருந்தேன். மூச்சு நின்ற அடுத்த நாள் திரேசம்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. சீலையை மாற்றிக்கொண்டு வந்து, "எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம். இல்லையெண்டால் நான் சுவாமியைக் கூட்டிக்கொண்டு வந்திடுவன்" என்றாள். பங்குச் சுவாமி வந்தால், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதலுக்குத்தான் வருவார் என்ற பயத்தில் எழும்பிவிட்டேன்.

வெளி நோயாளர் பகுதியில் மர வாங்கில் ஒரு காலை முழுவதும் இருந்தோம். பிறகு நெஞ்சைப் படம் எடுத்தார்கள். பெரிய டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார். இடப்பக்கம் கறுப்பாக இருந்தது, வலப்பக்கம் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. வெள்ளை நல்லது என்று நினைத்து நான் கொஞ்சம் ஆறுதல்பட்டேன்.

"கறுப்பாத் தெரியிறதுதான் காத்து," என்றார் அவர். "வெள்ளை தண்ணி. நுரையீரலைச் சுத்தி ரெண்டு மெல்லிய சவ்வு இருக்கு. ரெண்டுக்கும் நடுவில சாடையான ஈரம்தான் இருக்க வேணும். உங்களுக்கு அங்க போத்தில் கணக்கில தண்ணி கட்டியிருக்கு. அது நுரையீரலை நெரிக்குது. அதாலதான் மூச்சு ஏலாமல் கிடக்கு. இதைப் புளூரிசி எண்டு சொல்லுவம்."

"ஏன் டொக்டர் தண்ணி வந்தது?"

அவர் திரேசம்மாவை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார். "கசத்துக்கு உள்ள கிருமிதான் இதுக்கும் காரணம். பயப்பிடாதேங்கோ. சளியில கிருமி இல்லை, மற்றவைக்குத் தொத்தாது. மருந்து இருக்கு."

பின்னால் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. காசநோயைத்தான் எங்கள் பக்கம் கசம் என்போம். அந்தச் சொல் மட்டும் ஏறியது. திரேசம்மா என் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள். அது பூட்டித்தான் இருந்தது. கழற்றித் திரும்பவும் பூட்டினாள்.

அன்றே வாட்டில் சேர்த்தார்கள். மறுநாள் ஊசி போட்டுத் தண்ணி எடுத்தார்கள். கதிரையில் என்னைப் பின்பக்கமாகத் திருப்பி இருத்தி, சாய்வில் தலையணையை வைத்து அதைக் கட்டிப்பிடிக்கச் சொன்னார்கள். முதலில் விறைக்கிற ஊசி, பிறகு பென்சில் நீளத்தில் ஒன்று. இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவில் அது உள்ளே போவதை நோவாக அல்ல, ஒரு தள்ளுதலாக உணர்ந்தேன். வெளியே வந்த தண்ணி சாயம் குறைந்த தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அரைவாசி எடுத்தபோதே மூச்சு வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. "அசையாதேங்கோ ஐயா, அழுகிறதெண்டால் பிறகு அழலாம்," என்றாள் தாதி மிஸி.

வலி போனதும் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். செய்தி ஊருக்குள் போனதும் அது வேறு வழியால் வந்தது. முதல் கிழமை என்னைப் பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். இரண்டாம் கிழமை வந்தவர்கள் வாட்டு வாசலிலேயே நின்று கையைக் காட்டினார்கள். மூன்றாம் கிழமை திரேசம்மா மட்டும் வந்தாள். பிள்ளைகளை அயல்வீட்டில் விட்டுவிட்டு, காலையிலும் பின்னேரமும் சாப்பாட்டுக் கரியரைத் தூக்கிக்கொண்டு வருவாள். முட்டை மஞ்சள் கருவை நான் விரும்பமாட்டேன் என்று, அதை மசித்துக் கஞ்சிக்குள் ஒளித்துக் கொண்டுவருவாள். நான் தெரியாதவன் போலக் குடிப்பேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பார்வை நேரம். அவள் கட்டிலோரம் நின்று செபமாலையை எடுப்பாள். முதல் நாளே நான் முன்பாதி சொல்லத் தொடங்க, தாதி மிஸி வந்து தடுத்தாள். "பெரிய டொக்டர் உங்களை நீளமாக் கதைக்க வேண்டாம் எண்டவர். அம்மா சொல்லட்டும், நீங்கள் மெல்லமாப் பதில் சொல்லுங்கோ." ஆக, எட்டு வருஷத்துக்குப் பிறகு நான் பின்பாதிக்கு இறங்கினேன். அந்த வரி வந்தபோது செருமினேன். திரேசம்மா தண்ணீர்க் கோப்பையை நீட்டினாள். அடுத்த பத்திலும் செருமினேன், அப்போதும் நீட்டினாள். ஐந்தாவது பத்தில் கோப்பையை நீட்டவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி என் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் அம்மா குச்சவெளிப் பக்கம் தம்பியோடு இருந்தவர். தம்பி கடற்தொழில். நான் அப்போது கொழும்பில் கந்தோரில் வேலை. ஒரு தை மாதம் அம்மா செத்துப்போனதாகத் தந்தி வந்தது. ஓடிவந்தேன். மழையில் பாதை உடைந்து கிடந்தது. நான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாளாகிவிட்டது. சேமக்காலையில் புது மண்ணைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, அத்தனை சனத்துக்கு முன்னால் தம்பியைக் கேட்டேன்.

"அம்மாவுக்கு ஏலாமல் போனதை ஏன்டா எனக்கு அறிவிக்கேல்லை?"

"அண்ணை, போஸ்காட் போட்டனான். பத்து நாளைக்கு முதலே போட்டனான். கிடைக்கேல்லையே?"

"வரேல்லை," என்றேன்.

தம்பி தலையைக் குனிந்தான். பெத்த தாயின் வருத்தத்தை அண்ணனுக்கு அறிவிக்காதவன் என்று ஊர் அவனைப் பேசியது. நான் திருகோணமலைக்கு மாற்றம் வாங்கி வந்த பிறகும் அவனோடு பேசவில்லை. நத்தார்ப் பெருநாளுக்கு அவன் அனுப்பிய மீனைத் திருப்பி அனுப்பினேன். பாவசங்கீர்த்தனத்தில் "தம்பியோட கோபம் சுவாமி" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். "போய் அவனோட கதை" என்று சுவாமி சொல்வார். நான் போய் ஒரு செபமாலை சொல்வேன். முன்பாதி.

அவன் வந்தது நாலாவது ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸில் வந்திருக்க வேண்டும், சட்டை முழுக்கப் புழுதி. வாசலில் நிற்கவில்லை. நேரே வந்து என் கட்டிலில் இருந்தான். என் தட்டில் பாதி கடித்து வைத்திருந்த பாண் துண்டை எடுத்துச் சாப்பிட்டான். அடுத்த கட்டில்காரரின் பெண்சாதி அதைப் பார்த்துச் சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். வேண்டுமென்றுதான் சாப்பிட்டான் என்று எனக்கு விளங்கியது. எல்லோரும் பார்க்கட்டும் என்று.

"அண்ணை," என்றான். "செத்தாலும் இதைச் சொல்லிப்போட்டுத்தான் சாகவேணும் எண்டு கிடந்தனான். அந்தப் போஸ்காட்டை நான் என்ர கையால போடேல்லை. அண்டைக்கு அம்மாவை விட்டிட்டு வர ஏலாமல், என்னோட வள்ளத்தில வாற காசிமிட்டக் குடுத்தனான், டவுணுக்குப் போனால் போட்டுவிடு எண்டு. அவன் போட்டதாத்தான் சத்தியம் பண்ணினவன். நான் நம்பேல்லை. நீங்கள் வரேல்லை எண்டு சொன்ன அண்டைக்கே அவனை வள்ளத்தால இறக்கிப்போட்டன். சின்னனில இருந்து ஒண்டாத் திரிஞ்சனாங்கள். எட்டு வருசமா முகத்தில முழிக்கேல்லை. பிழை என்னிலதான் அண்ணை. நானே கொண்டுபோய்ப் போட்டிருக்க வேணும். என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கோ."

சொல்லிக்கொண்டே சீமெந்துத் தரையில் முழந்தாளில் நின்றுவிட்டான்.

நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும். அவன் தலையில் கையை வைத்து, "சரியடா, விடு. நான் பொறுத்திட்டன்," என்றேன்.

திரேசம்மா அழுதாள். தாதி மிஸியின் கண்கூடக் கலங்கியது. அன்று செபமாலையில் அந்த வரியைச் செருமாமல் சொன்னேன், கணீரென்று சொன்னேன். எனக்குத் தீமை செய்தவனை நான் பொறுத்துவிட்டேனே!

போஸ்காட் வந்திருந்தது.

அம்மா சாவதற்கு ஏழு நாளைக்கு முன்னமே கொழும்புக்கு வந்துவிட்டது. "அம்மாவுக்குக் கடும் வருத்தம். உங்களைத்தான் கேட்கிறா. உடனே வாருங்கள்." அடுத்த கிழமை எனக்கு இரண்டாம் தரக் கிளாக்கராக உயர்வதற்கான சோதனை இருந்தது. அம்மாவுக்கு எப்போதும் வருத்தம்தானே, சோதனை முடியட்டும் என்று நினைத்தேன். காட்டைச் செபப்புத்தகத்துக்குள் வைத்தேன். சோதனை எழுதினேன், சித்தியும் அடைந்தேன்.

தம்பியின் மேல் எனக்கிருந்த கோபம் பொய்க்கோபம் அல்ல. உண்மையிலேயே எரிந்தது. அவன் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தான் என்று எரிந்தது. "வரேல்லை" என்ற என் ஒற்றைச் சொல்லை நம்பிவிட்டான் என்றும் எரிந்தது. கோபத்தை விட்டுவிட்டால் கையில் பொய் மட்டும்தான் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அதனால் எட்டு வருஷம் அதை விறகு போட்டு வளர்த்தேன்.

அந்தக் கிழமை மூச்சு மறுபடி முட்டியது. இரண்டாம் படத்தில் வெள்ளை மேலே ஏறியிருந்தது. பெரிய டொக்டர் மறுபடி தண்ணி எடுத்தார். "இது இப்பிடித்தான்," என்றார். "அடியில உள்ளதுக்கு மருந்து வேலை செய்யிற வரைக்கும் மேல உள்ளதை எடுத்தாலும் ஊறும்." அவர் நுரையீரலைப் பற்றித்தான் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

மருந்து என்றால் நாளுக்கு ஒரு ஊசியும், கைநிறைய மாத்திரையும். ஊசி போட்டால் காதுக்குள் வண்டு பறக்கும். மாத்திரை வயிற்றைக் குமட்டிச் சத்தி எடுக்க வைக்கும். வெள்ளிக்கிழமை சுவாமி நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுவந்தார். நான் கையை உயர்த்தி, "இண்டைக்கு வேண்டாம் சுவாமி, சத்தி வருது," என்றேன். அன்று எனக்குச் சத்தி வரவில்லை. இந்தப் பாவத்தை உள்ளே வைத்துக்கொண்டு நற்கருணை வாங்கக்கூடாது என்பதுதான் உண்மை. அடுத்த கட்டிலுக்குப் போகிற சுவாமியின் முதுகைப் பார்த்தபடி கிடந்தேன். ஒரு பொய்யைக் காக்க எத்தனையாவது பொய் இது என்று எண்ணிப் பார்த்தேன், எண்ண முடியவில்லை. காசிம் என்ற ஒருவனை நான் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் பார்த்திருக்கிறேன். அவனுடைய வள்ளத் தொழிலையும் கூட்டாளியையும் நான் பறித்திருக்கிறேன், அதுவும் தெரியாமலே.

"என்ர செபப்புத்தகத்தைக் கொண்டுவா," என்றேன் திரேசம்மாவிடம்.

"எந்தப் புத்தகம்? காட் இருக்கிற புத்தகமோ?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கரியர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமோ?"

"அலுமாரி துடைக்கேக்க விழுந்தது. அஞ்சு வருசமிருக்கும்."

"ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்றாள். "ஒவ்வொரு செபமாலைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான்."

அடுத்த ஞாயிறு தம்பி மீன்குழம்போடு வந்தான். முகம் தெளிந்திருந்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் பொறுத்துவிட்டான் என்ற தெளிவு அது. நான் அவனைக் கதைக்க விடவில்லை. கதைக்க விட்டால் என் துணிச்சல் போய்விடும். புத்தகத்தைத் திறந்து காட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் முதலில் தன் எழுத்தைப் பார்த்தான். பிறகு முத்திரை மேலிருந்த தபால் குறியை யன்னல் பக்கம் பிடித்து வாசித்தான். பிறகு மறுபடி எழுத்தை வாசித்தான், ஒவ்வொரு சொல்லாக.

"வந்தது," என்றேன். "அப்பவே வந்தது. சோதனை இருந்ததாலே நான் வரேல்லை. காசிம் போட்டவன். நீயும் பிழை செய்யேல்லை. நான்தான்."

"உங்களைத்தான் கேட்டவ," என்றான் தம்பி. "கடைசி ரெண்டு நாளும் வாசலில சைக்கிள் சத்தம் கேட்டால், பெரியவன் வந்திட்டானோ எண்டு கேட்டவ." குரலை உயர்த்தவில்லை. "நான் போன ஞாயிறு உங்கட காலடியில முழந்தாளில நிண்டனான்."

"ஓம்."

"நீங்கள் பொறுத்திட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம்."

காட்டைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். குழம்புச் சட்டி கட்டிலடியில் இருந்தது. அன்று அதை எங்களால் சாப்பிட முடியவில்லை. திரேசம்மா அதை வாட்டில் மற்றவர்களுக்குப் பகிர்ந்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவன் வரவில்லை. ஒவ்வொரு பார்வை நேரத்திலும் நான் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அம்மாவும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. சுவாமியிடம் முழுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் வழமையான தண்டனையைத்தான் தந்தார். "போய் அவனோட கதை." "நான் கதைச்சிட்டன் சுவாமி, இனி அவன்தான் கதைக்க வேணும்," என்றேன். "அப்ப காத்திரு," என்றார்.

மார்கழியில் படம் தெளிந்தது. வலப்பக்கத்தின் அடியில் ஒரு சின்ன வெள்ளைக் கீற்று மட்டும். அது தழும்பு, நோய் இல்லை, ஆயுள் முழுக்க இருக்கும் என்றார் டொக்டர். மாத்திரையை இன்னும் ஒரு வருஷத்துக்கு விடக்கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்.

வழியில் பஸ் நிலையத்தில் ஒரு மனிதர் கருவாட்டுச் சாக்கோடு நின்றார். என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

"சேவியர்ட அண்ணன்தானே? நான் காசிம். காட் கெடச்சிட்டாமே," என்றார். "எட்டு வருஷம் கழிச்செண்டாலும் தவால் போய்ச் சேந்திச்சே, அல்ஹம்துலில்லாஹ்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், மூச்சு முட்டியது. அவர் என் கையிலிருந்த பையை வாங்கி பஸ்ஸில் ஏற்றி, சீற்றில் இருத்திவிட்டுப் போனார். போகும்போது, "விடியக்காலம் கடலுக்குப் போறம், சேவியரும் நானும்தான்," என்றார்.

தையில் அம்மாவின் ஆண்டு நினைவு. எங்கள் வீட்டில் செபமாலை என்று தம்பிக்கு ஒரு போஸ்காட் எழுதினேன். என் கையாலேயே கொண்டுபோய்ப் போட்டேன்.

வந்தான். எட்டு வருஷத்தில் முதல்முறையாக என் வீட்டுப் படியை மிதித்தான். வந்திருந்தவர்களை வைத்துக்கொண்டு, முழந்தாளில் நிற்பதற்கு முன்னமே உண்மையைச் சொன்னேன். போஸ்காட் வந்தது என்றேன், தம்பி அறிவித்தவன் என்றேன். சேவியர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வழக்கம்போல எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், நான் தொடங்குவேன் என்று.

"அண்ணை, நான் முன்பாதி சொல்லட்டே?" என்றான் சேவியர்.

அந்த அறையில் அதன் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். திரேசம்மாவுக்கும் தெரிந்திருக்கும். அந்த வரியைச் சொல்லாமல் இருப்பதற்கு எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று அவனும் கண்டுபிடித்திருந்தான். அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுத்தவன் நான்தான். "சொல்லு," என்றேன்.

சொன்னான். நான் பிள்ளைகளோடு சேர்ந்து பின்பாதி சொன்னேன். எனக்கு ஒருவரும் தீமை செய்யவில்லை என்பதால், அந்த வரியில் கேட்பதற்கு மட்டும்தான் எனக்கு உரிமை இருந்தது. முதல் பத்து முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அவனே சொன்னான். நாலாவதும் அவனே சொன்னான். ஐந்தாவதைத் தொடங்கும் இடத்தில் நின்றுவிட்டான். நெடுநேரம் மணியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"கடைசிப் பத்தை நீங்கள் சொல்லுங்கோ," என்றான்.

எனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. முன்பாதியை முடித்தேன். எல்லோரும் பின்பாதியைத் தொடங்கினார்கள். அப்பம் கேட்கிற வரியில் அவன் குரலும் கேட்டது. அடுத்த வரியில் அது நின்றது. அவன் செருமினான். அந்தச் செருமலை எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்கள் சொல்லிக்கொண்டே போய் ஆமென் என்று முடித்தார்கள்.

எல்லோரும் முடித்த பிறகு, அவன் தனியே, விட்ட இடத்திலிருந்து சொன்னான்.

"எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல."

அடுத்த "அருள் நிறைந்த மரியே"யை நான்தான் தொடங்க வேண்டும். குரல் வரவில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.